ரூல்ஸ் மாமாவும் இரண்டாவது கிண்ணமும்

பேக்கரிக்காரர் மச்சானைப் பார்க்க வந்தால் கையில் ஒரு பன் பொட்டலம் இருக்கும். அந்த வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கொண்டு வந்ததோ ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. கோயிலின் பின்னறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினார். பூசை உடுப்பு அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே நின்றுகொண்டு, திருட்டுச் சாமான் காட்டுகிறவர் மாதிரி மூடியைத் திறந்தார்.

உள்ளே காகிதம் போல மெல்லிய, வட்டமான வெள்ளை அப்பங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் அழுத்தமாக ஒரு சிலுவை.

"எப்படி இருக்கு மச்சான்?"

மச்சான் அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. பூசைக்கு வேண்டிய அப்பம், திராட்சை ரசம், துணி, மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் எடுத்து வைப்பது அவர் வேலை. இருபத்தாறு வருடங்களாக வைக்கிறார். ஒரு மெழுகுவர்த்தி கோணலாக நின்றால் அவருக்குச் சோறு இறங்காது. பாடகர் குழு கிதார் கொண்டுவந்தபோது மூன்று மாதம் அவர்களோடு பேசவில்லை. மக்கள் முழந்தாளிட்டு நன்மை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பம், வாங்கும் மரக் கிராதியைப் பிடுங்கிவிடலாம் என்று கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பங்குப் பேரவை முடிவு செய்த அன்று, "என்னைப் பிடுங்கிட்டுப் பிடுங்குங்க" என்று அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். பங்கில் எல்லாரும் அவரை 'ரூல்ஸ்' என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகளுக்கு 'ரூல்ஸ் மாமா'.

"எங்க வாங்கினீங்க மாப்பிள்ளை?"

"வாங்குறதா? வீட்டு அடுப்புல நானே சுட்டது. சுத்தமான அரிசி மாவு. பதினோரு தடவை உடைஞ்சு, பன்னிரண்டாவது தடவைதான் பதம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை இதுல ஒண்ணை, மத்தது படாம, ஓரமா வைச்சிருங்க. பாப்பாவோட முறை வரும்போது ஃபாதர் இதை எடுத்துக் கொடுக்கட்டும். யாருக்கும் தெரியாது."

பாப்பா என்பது அவருடைய ஒரே மகள். பத்து வயது. பேக்கரிக்காரர் வீட்டில் பிறந்து, கோதுமையே விஷமாகிப் போன பிள்ளை. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் குடல் புண்ணாகி வாரக்கணக்கில் படுத்துவிடும். கீழே பேக்கரி, மேலே வீடு. அப்பா வேலை முடிந்ததும் மாடிப்படிக்குக் கீழே குளித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். போன வருடமே அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நன்மை வாங்கும் சடங்கு, நடந்திருக்க வேண்டியது. அப்போதிருந்த சாமியார், "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு மாற்றலாகிப் போய்விட்டார். கோதுமைச் சத்து மிகக் குறைத்த அப்பம் என்று ஒன்று இருக்கிறது. டாக்டர் அதுவும் கூடாதென்று சொல்லிவிட்டார். அந்த 'அடுத்த வருஷம்' இந்த ஞாயிற்றுக்கிழமை.

கோயில்பிள்ளை ஓர் அப்பத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வேலைப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரும்ப டப்பாவில் வைத்தார்.

"இது ஆகாது மாப்பிள்ளை."

"என்ன ஆகாது?"

"கோதுமையும் தண்ணியும். அவ்வளவுதான் இருக்கணும். இதை வைச்சா, ஃபாதர் என்ன ஜெபம் சொன்னாலும் அது ஆண்டவரா மாறாது, அரிசி அரிசியாத்தான் இருக்கும். பூசை முடிஞ்சு வெளிய வரும்போது பாப்பா ஒரு பிஸ்கட் சாப்பிட்டிருப்பா."

"மாவைப் பத்தி எனக்கா பாடம் எடுக்கறீங்க?"

"மாவைப் பத்தி நீங்க சொல்லுங்க, கைகட்டிக் கேக்கறேன். இது மாவைப் பத்தினது இல்ல. ஆண்டவர் எதைக் கையில எடுத்தாரோ அதைத்தான் நாமளும் எடுக்கணும். நாமளா மாத்த முடியாது."

பேக்கரிக்காரர் மூடியை அழுத்தி மூடினார். "அப்போ என் பொண்ணு ஆண்டவருக்கே வேணாம்னு ஆகிப்போச்சு."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொல்வாங்க? கேட்டுக்கோங்க மச்சான். ஞாயித்துக்கிழமை அவ மட்டும் வாங்காம பெஞ்சுல உக்காந்திருந்தா, அதுதான் நாங்க இந்தப் படி ஏறுற கடைசி நாள். நானும் ஏற மாட்டேன், உங்க தங்கச்சியும் ஏற மாட்டா."

கதவு படாரென்று சாத்தப்பட்டது. மாப்பிள்ளை சொன்னால் செய்கிற ஆள். ஒருமுறை மாவு வியாபாரி எடை குறைத்தான் என்று அந்தத் தெருவழியாகப் போவதையே ஒன்பது வருடம் நிறுத்தியவர்.

அன்றே கோயில்பிள்ளை தங்கை வீட்டுக்குப் போனார். மருமகள் பாப்பா சாப்பாட்டு மேசையில் மறைக்கல்விப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் வீட்டில் அவளுக்கு 'வக்கீல்' என்று பெயர்.

"அப்பா டப்பாவைக் காட்டினாரு மாமா. வேணாம்னு சொல்லிட்டேன்."

"நீயே சொல்லிட்டியா?"

"பின்ன? எல்லாருக்கும் நிஜம், எனக்கு மட்டும் டூப்பா?"

அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அவள் அம்மா திரும்பவே இல்லை. "இவ ஒருத்தி போதும். அண்ணனுக்கு ஏத்த மருமக," என்றாள்.

"ஆனா மாமா," என்றாள் வக்கீல், புத்தகத்தை மூடிவிட்டு. "நிஜம் எனக்கு எப்பதான் கிடைக்கும்?"

எந்தக் கேள்விக்கும் புத்தகத்தில் பதில் வைத்திருக்கும் ரூல்ஸ் மாமா, செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் ஒரு கடிதத்தோடு பின்னறைக்கு வந்தார். முப்பது வயது தாண்டாதவர். பங்குக்கு வந்து ஏழு மாதம்தான் ஆகிறது. கோயில்பிள்ளையிடம் பேசுவதற்கு முன்னால் எப்போதும் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"ஆயர் இல்லத்துலேருந்து பதில் வந்திருக்கு."

கோயில்பிள்ளை துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தார். பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக் கடிதம் என்றால் எதையாவது நிறுத்தச் சொல்லித்தான் வரும் என்பது அவர் அனுபவம். முதல் சனிக்கிழமைகளில் நடந்துவந்த லத்தீன் பூசை அப்படி ஒரு கடிதத்தில்தான் நின்றது. அன்று அவர் பழைய பூசைப் புத்தகத்தைத் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டு, இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

"எதை நிறுத்தணுமாம் ஃபாதர்?"

"நிறுத்தறதுக்கு இல்லை. பாப்பா விஷயமா நான்தான் எழுதிக் கேட்டிருந்தேன். அப்பம் வேண்டாம், திராட்சை ரசத்தை மட்டும் கொடுக்கலாம்னு அனுமதி வந்திருக்கு."

கோயில்பிள்ளை உதட்டைச் சுழித்தார். இந்தக் கோயிலில் கிண்ணத்திலிருந்து குருவானவரைத் தவிர யாரும் குடித்ததில்லை. அவருக்கு அதுதான் முறை. 'அதெல்லாம் புதுப் பழக்கம்' என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் அதற்குள் அவர் சொந்தக் குரலே காதுக்குள் ஒலித்தது. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பில் அவர் கேட்கும் கேள்வி அது. ரசத்தைக் குடிக்காமல் அப்பத்தை மட்டும் வாங்குகிறவன் பாதியைத்தான் வாங்குகிறானா? பிள்ளைகள் கோரஸாகச் சொல்வார்கள்: இல்லை, அப்பத்தின் ஒவ்வொரு துணுக்கிலும், ரசத்தின் ஒவ்வொரு துளியிலும் ஆண்டவர் முழுமையாக இருக்கிறார்.

ஒவ்வொரு துளியிலும். இத்தனை வருடம் அந்தப் பதிலின் முன்பாதியை மட்டுமே அவர் உபயோகித்திருக்கிறார்.

"ஒரு துளி போதும் ஃபாதர்," என்றார் மெதுவாக.

"போதும். இன்னொண்ணு, அவளுக்குத் தனிக் கிண்ணம் வைக்கணும்னு எழுதியிருக்காங்க."

இருவருமாகவே பேக்கரி மாடிக்குப் போனார்கள். விஷயத்தைக் கேட்டதும் பேக்கரிக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். வக்கீல் உடனே குறுக்கு விசாரணையை ஆரம்பித்தாள். ரசத்தில் கோதுமை உண்டா? இல்லை. எவ்வளவு குடிக்க வேண்டும்? உதடு நனைந்தால் போதும். அப்படியானால் அவளுக்குச் சம்மதம்.

தனிக் கிண்ணம் என்றதும் அம்மாவின் முகம் மாறியது.

"தனி டம்ளரா ஃபாதர்?"

"டம்ளர் இல்லம்மா, கிண்ணம்தான். சின்னதா..."

"வீட்டுல அவளுக்குத் தட்டு தனி, கரண்டி தனி. ஸ்கூல்ல அவ டப்பாவைத் திறந்தா பக்கத்துப் பிள்ளைங்க நகந்து உக்காருது. கல்யாண வீட்டுக்குப் போனா ஓரமா உக்காந்து வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிடறா. கோயில்லயாவது அவளை எல்லாரையும் மாதிரி நடத்தக் கூடாதா?"

சாமியார் தொண்டையைச் செருமினார். கோயில்பிள்ளை தங்கையின் முகத்தைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்தே அவள் கண் கலங்கினால் அவருக்கு மூளை வேலை செய்யாது.

"ஃபாதர் குடிக்கிற கிண்ணத்துலயே என் மருமக குடிப்பா. பெரிய கிண்ணம், தங்க முலாம் போட்டது. நான் பாத்துக்கறேன்."

"கடிதத்துல ஏன் அப்படிப் போட்டிருக்காங்கன்னு தெரியல," என்றார் சாமியார். "எச்சில் படக் கூடாதுன்னு சுகாதாரத்துக்காகச் சொல்லியிருப்பாங்க. நம்ம கோயில்ல வேற யாரும் குடிக்கறதில்லையே. சரி, ஒரே கிண்ணம் போதும்."

இப்படித்தான், தினமும் பூசை செய்கிறவரும், தினமும் பூசை பார்க்கிறவரும் சேர்ந்து அந்தத் தவறைச் செய்தார்கள்.

சனிக்கிழமை முழுவதும் கோயில்பிள்ளை பெரிய கிண்ணத்தைத் துடைத்துத் துடைத்து, தன் மூக்கு அதில் தெரியும்வரை பளபளப்பாக்கினார்.

ஞாயிறு காலை எட்டு மணிப் பூசை. பதினேழு பிள்ளைகள் முன்வரிசையில். வக்கீல் வெள்ளை உடுப்பில், தலையில் முக்காட்டோடு, சாட்சிக் கூண்டில் நிற்பதுபோல விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுக்குப் பின்னால். பேக்கரிக்காரர் மட்டும் கடைசி பெஞ்சில், கைகளைக் கட்டிக்கொண்டு. நடந்தால்தான் நம்புவேன் என்று முகத்தில் எழுதியிருந்தது.

கோயில்பிள்ளை, முழுநீள வெள்ளை அங்கியில், பின்னறைக் கதவோரம் தன் இடத்தில் நின்றார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. பூசையை எப்போதும் ஒரு பக்கம் முன்னாலேயே மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். சாமியார் பிரசங்கத்தில் இருந்தால் இவர் காணிக்கையில் இருப்பார். எது எப்போது வேண்டுமோ அது அப்போது இருக்க வேண்டுமே.

அன்று பிரசங்கம் கொஞ்சம் நீண்டது. அதனால் அவர் வழக்கத்தைவிட நிறையப் பக்கங்கள் முன்னால் போய்விட்டார். காணிக்கை. கை கழுவுதல். முதல் மணி. எழுந்தேற்றம். பரலோக மந்திரம். பிறகு சாமியார் பெரிய அப்பத்தை இரண்டாக உடைப்பார். அதிலிருந்து ஒரு சின்னத் துண்டைக் கிள்ளி, கிண்ணத்துக்குள்...

கோயில்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டார்.

கிண்ணத்துக்குள் போடுவார். ஒவ்வொரு பூசையிலும் போடுவார். இருபத்தாறு வருடமாக, ஆயிரக்கணக்கான தடவை அவர் பார்த்த காரியம். பார்த்துப் பார்த்தே கண்ணில் படாமல் போன காரியம். கோதுமை அப்பத்தின் துண்டு ரசத்தில் விழும், ஊறும், கரையும். அதே கிண்ணத்தை அதற்குப் பிறகு அந்தப் பிள்ளையின் உதட்டில் வைப்பார்கள். அதற்காகத்தான் தனிக் கிண்ணம் கேட்டு எழுதியிருந்தார்கள்.

பிரசங்கம் முடிந்தது. மக்கள் விசுவாசப் பிரமாணம் சொல்ல எழுந்தார்கள்.

அலமாரியின் மேல்தட்டில், நோயாளிகள் வீட்டில் பூசை வைப்பதற்கென்று ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணம் இருந்தது. ஸ்டூலில் ஏறி எடுத்தார். காலையில் அப்பங்களை எண்ணி வைத்த கை, அப்பத் தூள் ஒட்டிய அங்கி. அங்கியைக் கழற்றி எறிந்தார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டி, சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தார். பிறகு கிண்ணத்தை, ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. தொட்டியோரம் கிடந்த பழைய துணியை எடுக்கப் போய்க் கையை இழுத்துக்கொண்டார். உறை பிரிக்காத புதுத் துணிகள் இரண்டை எடுத்தார். ஒன்றால் துடைத்தார். இன்னொன்று அடியில் விரிக்க.

வெளியே காணிக்கைப் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

பூசை நடக்கும்போது அங்கியில்லாமல் பீடத்தருகே போகிறவனைப் பற்றி அவர் இதுவரை என்னென்ன பேசியிருக்கிறார் என்பது பங்குக்கே தெரியும். அந்த ரூல்ஸ் இப்போது சுருட்டிய சட்டைக் கையும், நனைந்த மார்பும், கலைந்த தலையுமாகப் படி ஏறினார். கிதார்க்காரர் ஒரு கம்பியைத் தவறாக மீட்டிவிட்டார். முன்வரிசைகளில் சலசலப்பு. வக்கீலின் வாய் பிளந்தது.

சாமியார் கை கழுவத் திரும்பியவர், அப்படியே நின்றார்.

"ஃபாதர்," என்றார் கோயில்பிள்ளை காதோரமாக. "உடைச்சுப் போடற துண்டு."

சாமியாருக்கு இரண்டு நொடி புரியவில்லை. மூன்றாவது நொடி முகத்தில் ரத்தமே இல்லை.

"வைங்க," என்றார். "தள்ளி வைங்க. அந்த ஓரத்துல."

கோயில்பிள்ளை புதுத் துணியை விரித்தார். அதன்மேல் சின்னக் கிண்ணத்தை வைத்தார். சாமியார் அதில் ரசம் ஊற்றி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தாழ்ந்த குரலில் அதற்கும் காணிக்கை ஜெபம் சொன்னார். பாடகர் குழு தானாகவே இன்னொரு தடவை பல்லவியைப் பாடியது. அதற்காகக் கோயில்பிள்ளை அவர்களுக்கு வாழ்நாள் முழுவதும் கடன்பட்டார்.

பிறகு எல்லாம் அதன் முறைப்படி நடந்தது. கதவோரத்தில் நின்று அவர் பார்த்தார். சாமியார் அப்பத்தை உடைத்தார். சின்னத் துண்டு பெரிய கிண்ணத்துக்குள் விழுந்தது. கோயில்பிள்ளை அங்கேயே முழந்தாளிட்டார்.

சாமியார் விரல்களைத் தனியாக ஒரு கிண்ணித் தண்ணீரில் கழுவித் துடைத்துக்கொண்டு, சின்னக் கிண்ணத்தை எடுத்தார். கிராதியில் பதினேழு பிள்ளைகளும் முழந்தாளிட்டிருந்தார்கள். முதலில் வக்கீலிடம் வந்தார்.

"கிறிஸ்துவின் இரத்தம்."

"ஆமென்," என்றாள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

உதடு நனைந்தது. புளிப்பில் மூக்கைச் சுருக்கினாள். உடனே சமாளித்துக்கொண்டு கண்களை மூடினாள்.

பிள்ளைகளுக்குப் பின்னால் பெரியவர்களின் வரிசை. அதன் கடைசியில் பேக்கரிக்காரர் நின்றார். கட்டியிருந்த கைகள் இப்போது கூப்பியிருந்தன.

பூசை முடிந்து பின்னறையில் சாமியார் உடுப்பைக்கூடக் கழற்றாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "காரணம் தெரியலைன்னு சொன்னேன் பாருங்க. தினமும் என் கையாலதானே போடறேன்."

"நீங்க ஏழு மாசம் ஃபாதர். நான் இருபத்தாறு வருஷம். யாரு பெரிய முட்டாள்?"

தங்கை உள்ளே வந்ததும் கோயில்பிள்ளை ஒன்றையும் மறைக்கவில்லை. துண்டைப் பற்றிச் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே சுவரில் சாய்ந்தாள்.

"நான்தான் அண்ணே தனி டம்ளரான்னு கேட்டேன்."

"கேட்டது நீ. மண்டையை ஆட்டினது நான்."

"அவளை ஒதுக்கறாங்கன்னு நினைச்சேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்குன்னு இவ்வளவு யோசிச்சு எழுதியிருக்காங்க."

பேக்கரிக்காரர் வாசலில் நின்றே மச்சானை மேலும் கீழும் பார்த்தார். "அங்கி இல்லாம பீடத்துக்கு வந்தவரு மேல பேரவையில புகார் கொடுக்கலாம்னு இருக்கேன்."

"நான் சாட்சி சொல்றேன்பா," என்றாள் வக்கீல்.

"கொடுங்க மாப்பிள்ளை, நானே கையெழுத்துப் போடறேன்," என்றார் கோயில்பிள்ளை. மூன்று நாளில் முதல்முறையாக இருவரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் கதவை யாரோ தட்டினார்கள். பஸ் டிரைவர். ஐம்பது வயதுக்காரர். வாரம் தவறாமல் பூசைக்கு வருவார். ஆனால் நன்மை வாங்க எழுந்து போக மாட்டார். ஏதோ பெரிய பாவம் என்று பங்கு முழுக்கப் பேச்சு. எங்கேயோ இரண்டாவது குடும்பம் இருப்பதாகக்கூடச் சொன்னார்கள். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் செய்வது எப்படி என்ற கையேட்டை ஒருமுறை அவர் உட்காரும் இடத்தில் வைத்துவிட்டு வந்தவர் சாட்சாத் நம் கோயில்பிள்ளைதான்.

டிரைவர் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார். "ஃபாதர், அந்தச் சின்னக் கிண்ணம் பிள்ளைங்களுக்கு மட்டும்தானா?"

"ஏன் கேக்கறீங்க?"

"எனக்கும் கோதுமை ஆகாது. ஆறு வருஷமாச்சு. எல்லாரும் கொடுக்கறதை வாங்கிக்கும்போது, எனக்கு மட்டும் வேற மாதிரி வேணும்னு கேக்க வெக்கமா இருந்துச்சு. அப்படி ஒரு வழி இருக்குன்னே இன்னிக்குத்தான் தெரியும்."

கோயில்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. கையேட்டைப் பற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். பிறகு, சொல்லத்தான் வேண்டும் என்று முடிவு செய்தார்.

"அண்ணே, உங்க இடத்துல ஒருநாள் ஒரு புத்தகம் இருந்துச்சே. அதை வைச்சவன் நான்தான். மன்னிச்சுக்கோங்க."

டிரைவர் நிமிர்ந்தார். "அதுவா? நல்ல புத்தகம். அதைப் பாத்துத்தான் மாசாமாசம் பாவசங்கீர்த்தனம் பண்றேன். டிப்போ பக்கத்துக் கோயில்ல." கொஞ்சம் தயங்கினார். "இன்னிக்குக் கிடைக்காது, இல்ல?"

"இன்னிக்கு முடிஞ்சிருச்சு," என்றார் சாமியார். "அடுத்த ஞாயிறு."

"அடுத்த ஞாயிறு எனக்கு டூட்டி. காலை ஆறரைப் பூசைக்குத்தான் வர முடியும்."

கோயில்பிள்ளை அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்த வேலைப் பட்டியலை இழுத்தார். பென்சிலைத் தேடினார். கிடைக்கவில்லை. வக்கீல் தன் புது ஜெபப் புத்தகத்தோடு வந்த பேனாவை நீட்டினாள். ஞாயிறு, ஆறரை என்ற வரியின் கீழே கொட்டை எழுத்தில் 'சின்னக் கிண்ணம், புதுத் துணி' என்று எழுதினார். எட்டு மணி வரியின் கீழேயும் அதையே எழுதினார்.

"ஆறரைக்கு ரெடியா இருக்கும்," என்றார். "பஸ்ஸை நிப்பாட்டிட்டாவது வந்துருங்க."